48 வோல்ட் பேட்டரியிலிருந்து 400 வோல்ட், 2 கிலோவாட் ஐசோலேட்டட் (இன்புட்டும் அவுட்புட்டும் நேரடி மின்தொடர்பு இல்லாத) கன்வெர்ட்டர் செய்ய, இரண்டு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) மாறி மாறி ஓடும் புஷ்-புல் சுற்று போதுமா?

இந்த அளவு பவருக்கு வேண்டாம். நான்கு மாஸ்ஃபெட் கொண்ட ஃபுல் பிரிட்ஜுக்குப் போங்கள்.

400 வோல்ட் பக்கத்தைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். ஆனால் நம்மைப் படுத்தி எடுப்பது பேட்டரி பக்கம். பேட்டரி 42 வோல்ட்டுக்கு இறங்கும்போது சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். புஷ்-புல்லில் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மர் சுருள்கள் ஒன்றோடொன்று முழுதாக இணையாததால் மிஞ்சும் இண்டக்டன்ஸ்) வெறும் 0.1 மைக்ரோஹென்றி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்ஃபெட் ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் 125 மைக்ரோஜூல் அதில் தேங்கி நிற்கும். 100 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து நொடிக்கு 2 லட்சம் தடவை ஆஃப் ஆகின்றன. ஆக 25 வாட் ஸ்னப்பரில் (வோல்டேஜ் எகிறுவதை அடக்கும் சுற்றில்) சூடாகவே போய்விடும். போதாததற்கு மாஸ்ஃபெட் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு வோல்டேஜைத் தாங்க வேண்டும். ஃபுல் பிரிட்ஜில் அந்த ஆற்றலின் பெரும்பகுதி பாடி டயோடு (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் டயோடு) வழியாக இன்புட் கெப்பாசிட்டருக்கே திரும்பிவிடும். 100 வோல்ட் மாஸ்ஃபெட் போதும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு ஈ65 ஃபெரைட் கோர், பிரைமரி (பேட்டரி பக்கச் சுருள்) 2 சுற்று, செகண்டரி (400 வோல்ட் பக்கச் சுருள்) 22 சுற்று. பிரைமரிக்குச் செம்புத் தகடுதான் சரி. முதலில் செகண்டரியில் 11 சுற்று, அதன்மேல் பிரைமரி, அதற்கும் மேல் மீதி 11. லீக்கேஜ் குறைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அளக்கும்போது பிரைமரியிலிருந்து அளக்காதீர்கள், மீட்டர் வயரின் இண்டக்டன்ஸே அதைவிட அதிகமாக இருக்கும். தகட்டின் இரு முனைகளையும் ஒட்டினாற்போல் ஷார்ட் செய்துவிட்டு, செகண்டரியில் அளந்து 121-ஆல் (சுற்று விகிதம் 11-இன் வர்க்கம்) வகுங்கள். 6 மைக்ரோஹென்றி காட்டினால் பிரைமரி பக்கம் 0.05தான். அருமையான சுருள் அது.

அவுட்புட் டயோடில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரி முழு சார்ஜில் 58 வோல்ட் இருக்கும்போது செகண்டரியில் 638 வோல்ட் வரும், அதற்கு மேல் ரிங்கிங் (வோல்டேஜ் அலைபாய்ந்து எகிறுவது) வேறு. 1200 வோல்ட் சிலிக்கான் கார்பைடு டயோடும் அந்த எகிறலைக் கட்டுப்படுத்த ஒரு கிளாம்ப்பும் போடுங்கள். கன்ட்ரோலுக்குப் பீக் கரண்ட் மோட், அதாவது கரண்ட் குறித்த உச்சத்தைத் தொட்டதும் மாஸ்ஃபெட்டை ஆஃப் செய்யும் முறை. அப்போதுதான் கோர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாச்சுரேட் ஆகாது (காந்தப்புலம் நிரம்பி நிற்காது).

அப்புறம், பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள். காலி கெப்பாசிட்டரில் பொறி பறந்து கனெக்டர் கருகும், முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக சார்ஜ் ஏற்றுங்கள். அவுட்புட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ப்ளீடர் ரெசிஸ்டர் (தேங்கிய சார்ஜை மெல்ல வடிப்பது) கட்டாயம். ஆஃப் செய்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.