பழசு என்றால் குப்பையா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர்ச் செய்தித் தளத்தை 2005 முதல் மாமா நடத்தினார், இப்போது என் கையில். 6,000 பக்கங்களுக்கு மேல் இருக்கிறது: காலாவதியான வேலை விளம்பரம், முடிந்துபோன ஏலம், திருவிழா நிகழ்ச்சி நிரல், மரண அறிவித்தல். கொழும்பில் ஓர் எஸ்ஈஓ ஆள் (தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருகிறவர்) பார்த்துவிட்டு, இந்தக் குப்பையால்தான் புதுச் செய்திகள் கூகுளில் மேலே வருவதில்லை, 2015க்கு முந்தியதை முழுக்க அழித்துவிட்டு எல்லா முகவரிகளையும் முகப்புக்குத் திருப்பிவிடச் சொல்கிறார். பத்து வருடமாக ஒரு கிளிக்கும் விழாத பக்கங்கள் அவை. சேவரிலும் இடம் போதவில்லை. அழித்தால் தரவரிசை விழுமா? திருவிழா நிரல்களை என்ன செய்வது?

கே., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

ஒழுங்காகச் செய்தால் விழாது. முடிந்த ஏலத்தையும் முடிவுத் திகதி போன வேலை விளம்பரத்தையும் தாராளமாக அழியுங்கள். அழித்த முகவரி, பக்கம் இல்லை என்பதற்கான குறியீடான 404 என்றோ 410 என்றோ சொல்லட்டும், கூகுளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கூகுளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பிலிருந்தும் மற்றப் பக்கங்களில் கிடக்கும் லிங்குகளிலிருந்தும் அவற்றை எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கத்துக்குள் வரக்கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரொபோட்ஸ் கோப்பில் மட்டும் அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் பக்கம் போய்விட்டதைக் கூகுள் வந்து பார்க்கவே வழியில்லை, வெறும் முகவரி தேடலில் தொங்கிக்கொண்டிருக்கும். தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோலில் இருக்கும் நீக்கும் வசதியும் ஏறக்குறைய 6 மாதத்துக்கு மறைக்குமே தவிர அழிக்காது. ஒரேயடியாகவும் வேண்டாம். வேலை விளம்பரங்களை முதலில் எடுத்துவிட்டுச் சில கிழமை பாருங்கள்.

சேவர் இடம் ஒரு காரணமே இல்லை. எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும்? படங்களைச் சுருக்குங்கள்.

சரி, இனி அந்தக் கொழும்பு ஆளிடம் வருவோம். 6,000 பக்கத்தை மேய்ந்து கூகுள் களைத்துப்போகிறது என்றும் சொல்லியிருப்பாரே? பத்து இலட்சம் பக்கத்துக்கு மேல் வைத்திருப்பவர்களும், தினமும் மாறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பக்கம் வைத்திருப்பவர்களும்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. 2023இல் சிநெட் என்ற பெரிய அமெரிக்கத் தளம் இதே எண்ணத்தில் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளைத் தூக்கியபோதும், பழசு என்ற ஒரே காரணத்துக்காக அழிப்பதால் தேடலில் இலாபமில்லை என்று கூகுள் தரப்பிலிருந்து பகிரங்கமாகவே சொன்னார்கள். உங்கள் புதுச் செய்திகளையும் போய்ப் பார்த்தேன் தம்பி. பாதிக்கு மேல் வேறு தளங்களில் வெட்டி ஒட்டியவை, தலைப்பில் இருக்கும் ஆச்சரியக்குறி மட்டும்தான் உங்களுடையது. அது எப்படி மேலே வரும்? அதைச் சொன்னால் அவருக்குக் காசு வராது, அதனால் பழியைச் செத்தவர்கள் தலையில் போட்டிருக்கிறார்.

மரண அறிவித்தல்களைத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அவை ஏலத்துக்கும் வேலைக்கும் பக்கத்தில் ஒரே வரியில் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவிஸில் இருக்கும் எங்கள் பிள்ளை ஒருத்தி, தன் அப்பம்மாவின் தகப்பன் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டாள். அந்த அப்பம்மா எனக்குப் பெரியம்மா. வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய மின்னஞ்சலில் அறிவித்தலின் லிங்க் இருந்தது. தட்டினால் இன்றைய தங்க விலையும் யாரோ ஒரு நடிகையின் கல்யாணமும் வருகிறது. தளத்தைப் புதுப்பித்தவர்கள், உங்களுக்குச் சொன்னார்களே, அதேபோல எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பக்கம் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். இப்படி மொத்தமாகத் திருப்புவதைக் கூகுளும் பெரும்பாலும் இல்லாத பக்கமாகத்தான் கணக்கெடுக்கும், ஆகவே தரவரிசையிலும் ஒரு சதத்துக்குப் பிரயோசனமில்லை. வருகிறவனை ஏமாற்றுவதுதான் மிச்சம்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டேன், பக்கம் கிடைத்தது. ஆனால் ஒரு தமிழெழுத்து இல்லை, முழுக்கப் பாமினி. உங்கள் வயதுக்கு இது தெரியாமல் இருக்கலாம். இப்போது எல்லோரும் பாவிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவ முந்தி எங்கள் தளங்களில் கனக்க பாமினி எழுத்துருவில்தான் இருந்தன. அந்த எழுத்துரு இருந்தால் திரையில் ‘அம்மா’ என்று தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, பிறகு எச். கூகுள் படிப்பது அதைத்தான். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு எடுத்தபோது ‘நாவற்குடாவைப் பிறப்பிடமாகவும் கல்லடி உப்போடையை வசிப்பிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, இன்னாரின் அன்புப் புதல்வியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று மூன்று தலைமுறை ஒரே வசனத்தில் இறங்கி வந்தது. தகப்பன் பெயரும் ஊரும் அதில் இருந்தன.

இப்போது உங்கள் ‘ஒரு கிளிக்கும் விழாத’ கதைக்கு வாருங்கள். சேர்ச் கொன்சோல் 16 மாதக் கணக்குத்தான் வைத்திருக்கும், பத்து வருடம் என்பது எங்கிருந்து வந்தது? மாமா 2005இல் போட்ட பக்கங்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று திறந்து பார்த்தீர்களா? பாமினியில் இருந்தால் அங்கே யாருடைய பெயரைத் தேடியும் யாரும் வந்து சேர முடியாது. ஆழிப்பேரலைக்கு அடுத்த வருடம் தொடங்கிய தளம் தம்பி, முதலாண்டு நினைவஞ்சலிகள் எத்தனை அதில் கிடக்கும் என்று யோசித்தீர்களா? களுவாஞ்சிகுடி, கல்லாறு, பாண்டிருப்பு ஆட்களின் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நீங்கள் அழிக்க நினைக்கும் பக்கங்கள்தான் வேறெந்தத் தளத்திலும் இல்லாதவை.

ஆகவே முதலில் முழுத் தளத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பாமினிப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றி அதே முகவரியிலேயே போடுங்கள், முகவரியைத் தொடாதீர்கள். மாற்றியை நம்பி விட்டுவிடாமல் பெயர்களையாவது கண்ணால் பாருங்கள், மாமாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டால் இன்னும் நல்லது. தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும் இருந்தால் எடுத்துவிடலாம். குடும்பத்தார் யாராவது பக்கமே வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் எடுக்க வேண்டும். நூலகம் நிறுவனமும் 2005 முதல் எங்கள் ஆவணங்களைச் சேர்த்து வருகிறது, அவர்களுக்கும் ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள்.

திருவிழா நிரல்களைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நாளும் நேரமும் மட்டும் இருப்பவற்றைக் கோயிலுக்கு ஒரு பக்கமாகச் சேர்த்து, பழைய முகவரிகளை 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற குறியீடு) போட்டு அந்தக் கோயில் பக்கத்துக்கே திருப்புங்கள், குறைந்தது ஒரு வருடமாவது அப்படியே இருக்கட்டும். திருப்புவது என்றால் இதற்குத்தான். கண்ணகி அம்மன் சடங்குப் பக்கங்களில் யார் எந்தப் பூசை செய்தார்கள் என்ற விபரம் இருந்தால் அவற்றில் கை வைக்காதீர்கள்.