தனியாக ஹேவ்லாக் போகிறீர்களா? முதல் ராத்திரி போர்ட் பிளேரில் தங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 26, ஊர் மதுரை திருநகர். பொங்கல் முடிந்து ஒரு வாரம் லீவு போட்டு, முதுகுப் பையோடு தனியாக அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சென்னையில் ஃபிளைட் ஏறினால் அன்றைக்கே தீவில் இறங்கிவிட முடியுமா? ரூம் முன்னாடியே போடணுமா, போய்ப் பார்த்துக்கொள்ளலாமா? பொண்ணு தனியாகப் போறது சரியா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். (ஒரு வாசகி)

பதில்: அன்றைக்கே போய்ச் சேர முடியும். ஆனால் போகாதீர்கள்.

ராமேஸ்வரம் மாதிரி பாலம் தாண்டிப் போகிற தீவு இல்லை இது. போர்ட் பிளேரில் இறங்கி, ஜெட்டிக்குப் போய், ஃபெரி பிடித்து, தனியார் படகு என்றால் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பல் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடலில் போக வேண்டும். சாயங்காலத்துக்கு ஃபெரி கிடையாது. கடைசிப் படகு பிற்பகலிலேயே கிளம்பிவிடும். உங்கள் ஃபிளைட் இரண்டு மணி நேரம் லேட்டானால் படகுக்காரர் காத்திருக்க மாட்டார்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. மதுரை 78 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கிறது, ஹேவ்லாக் 93-இல். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் கணக்கு. ஆனால் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஜனவரியில் மதுரையில் ஆறேகாலுக்கு மறைகிற சூரியன் அங்கே ஐந்தேகாலுக்கே மறைந்துவிடும், ஆறு மணிக்கு நல்ல இருட்டு. மூன்றரை மணிக்கு ஜெட்டியில் இறங்கி, ஆட்டோ பேரம் பேசி, ரூமைத் தேடி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். புது ஊரில் தனியாக இறங்குகிறவர் காலையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

அதனால் இப்படிப் போடுங்கள். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். எழும்பூர் வரை போகாமல் விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஏர்போர்ட். ரயில் தாமதத்துக்கு இடம் விட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பும் ஃபிளைட்டாகப் போடுங்கள். பறக்கிற நேரம் இரண்டேகால் மணி சுமார். அன்றைக்குச் செல்லுலார் ஜெயில் பார்க்கலாம். திருப்பரங்குன்றத்துப் பக்கத்துக்காரர் ஆயிற்றே, போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது; தமிழ் பேசுகிறவர்கள் அந்த ஊரில் நிறைய. மறுநாள் முதல் படகு. எந்த ஜெட்டி என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஆதார் அசல் கையில் இருக்கட்டும். டிக்கெட்டில் ஸ்வராஜ் த்வீப், ஸ்ரீ விஜயபுரம் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்; 2018-இல் ஹேவ்லாக்குக்கும் 2024-இல் போர்ட் பிளேருக்கும் வைத்த புதுப் பெயர்கள்.

ரூமை முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். பொங்கல் சமயம் கூட்டக் காலம், கையை வீசிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஐந்து நாளும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். அங்கே கடற்கரைக்கு நம்பர்தான் அடையாளம். 3-ஆம் நம்பர், 5-ஆம் நம்பர் பக்கம் தங்குங்கள்: சாப்பாட்டுக் கடை, டைவிங் சென்டர், மற்ற பயணிகள் எல்லாம் அந்த ரோட்டில்தான். படங்களில் பார்க்கிற ராதாநகர் 7-ஆம் நம்பர். ஜெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், நடுவில் காடு. பகலில் பஸ்ஸில் போய், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். முன்பதிவுக்கு முன் போன் செய்து, தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் தருவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். இழுத்துப் பேசினால் அடுத்த இடம் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது: ஆளைவிடக் கடல்தான் அங்கே கவனிக்க வேண்டியது. 2010-இல் ராதாநகர் பக்கம் உப்புநீர் முதலை ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கொன்றது. முதலை எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பாளர் விசிலும் அலங்காரத்துக்கு இல்லை. 5-ஆம் நம்பரில் நீர் வற்றும்போது பவளப்பாறை வெளியே தெரியும், காலைக் கிழிக்கும். ஓத நேரம் கேட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு இறங்குங்கள். சென்னையிலிருந்து 2020-இல் கடலடிக் கேபிள் வந்த பிறகு நெட் பரவாயில்லை, ஆனாலும் ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பையை இங்கேயே சோதித்துவிடுங்கள். எல்லாம் அடைத்து மாட்டிக்கொண்டு நாலு மாசி வீதியும் ஒரு சுற்று நடங்கள். வடக்கு மாசி வீதியிலேயே தோள் வலித்தால் பாதியை வெளியே எடுங்கள். ஏழு கிலோவுக்குள் முடித்தால் கையிலேயே விமானத்துக்குள் கொண்டுபோகலாம். ஜீன்ஸ் வேண்டாம், கடல் காற்றில் காயாது. பழைய சுங்குடிச் சேலை ஒன்று போதும்: மணலில் விரிப்பு, ராத்திரி போர்வை, உடை மாற்ற மறைப்பு. படகு குமட்டும் என்றால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் அவோமின் மாத்திரை, அதுவும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

திரும்பும்போதும் கடைசி ராத்திரி போர்ட் பிளேரில்தான். காற்று பலமாக இருந்தால் ஃபெரியை ரத்து செய்துவிடுவார்கள், ஃபிளைட் காசு போய்விடும். ஸ்கூபா செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இருக்க வேண்டும். அதற்கும் இந்த ஒரு ராத்திரி உதவும். பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஏர்போர்ட் ஸ்கேனரில் பிடிபடும்.