வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்டிருந்ததால் ‘ரெலிக்’ பார்த்தேன். கடைசிவரை அந்தப் பேய் யார், எதற்கு வந்தது என்று சொல்லவே இல்லையே? இறுதிக் காட்சி அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அழுகை வந்தது. இன்னொரு சந்தேகம். நினைவெல்லாம் போன பிறகு மிஞ்சுவது அதே ஆள்தானா?

அன்புடன்,
கி.

அன்புள்ள கி.,

முதல் முறை பார்த்தபோது நானும் பேயைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம்: 2020இல் வந்த ஆஸ்திரேலியப் படம், நடாலி எரிகா ஜேம்ஸ் இயக்கியது. தனியாக வாழும் எட்னா பாட்டி காணாமல்போகிறாள். மகள் கேயும் பேத்தி சாமும் வந்து தேடுகிறார்கள். ஒரு காலையில் அவளே திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் அடுப்படியில் நிற்கிறாள். (இனி முடிவுவரை சொல்லப்போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே எழுந்துவிடலாம்.)

பேய்ப்படம் என்றால் அதில் ஒருவராவது “வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள்” என்பார். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். மறதிநோய் வந்த வீடுகளில் கேட்பதும் இதே வசனம்தான். யாரோ வந்து போகிறார்கள், என் பொருளைத் திருடுகிறார்கள், இது என் வீடே இல்லை. மருத்துவர்கள் இதை நோயின் அறிகுறி என்பார்கள். ஜேம்ஸ் அறிகுறியாகப் பார்க்காமல் எட்னாவின் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார். வீடு தனக்கு அந்நியமாகிவிட்டது என்று அவள் உணர்ந்தால் வீடு நிஜமாகவே மாறிவிடுகிறது. சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்கிறது. அலமாரிக்குப் பின்னால் போகும் பேத்தி, வழி தெரியாத நடைகளில் மாட்டிக்கொள்கிறாள். இடம் குறுகிக்கொண்டே வருகிறது. பாட்டி தினமும் இருக்கும் இடத்துக்குப் பேத்தி முதல் முறையாகப் போகிறாள், அவ்வளவுதான். தனியாக ஒரு பேய் எதற்கு?

என் அத்தை ஒருத்தி கடைசிக் காலத்தில் நிலைக்கண்ணாடியைக் காட்டி, “அந்தம்மா ரொம்ப நேரமாக நிற்கிறாள், உட்காரச் சொல்” என்றாள். அது நீதான் அத்தை என்று நான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கலாம்.

2014இல் வந்த ‘தி டேக்கிங் ஆஃப் டெபரா லோகன்’ படத்தில் இதற்கு நேர்மாறு. அல்சைமர் என்று தொடங்கி, கடைசியில் செத்துப்போன ஒரு கொலைகாரனின் ஆவி என்று கணக்கை முடித்துவிடுவார்கள். பயமுறுத்துகிற படம்தான். ஆனால் பழியை ஆவியின் தலையில் போட்டதும் எனக்கு அது சாதாரணக் கதையாகிவிட்டது.

சரி, அதே ஆள்தானா என்ற கேள்வி. நினைவின் தொடர்ச்சிதான் ஒருவரை அதே ஆளாக வைத்திருக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி வாதிட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தபின் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. அவருக்கோ அதைச் செய்த ஞாபகமே இல்லை. அவர் மறந்ததை அவர் கை மறக்கவில்லை. அப்படியென்றால் எது அவர்?

படத்தில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. எட்னா தன் மோதிரத்தைப் பேத்திக்கு ஆசையாகக் கொடுக்கிறாள். பிறகு திருடி என்று கத்தி, விரலிலிருந்து பிடுங்குகிறாள். கொடுத்தவள் பாட்டி, பிடுங்கியவள் வேறு யாரோ என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. படம் அந்த நிம்மதியைத் தருவதில்லை. அதே எட்னாதான் காட்டில் உட்கார்ந்து பழைய புகைப்படங்களைத் தின்கிறாள். வேறெங்கே வைத்தாலும் காணாமல்போகும் என்றால் வயிற்றுக்குள் வைப்பதுதான் பத்திரம். பைத்தியக்காரத்தனமா இது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இறுதிக் காட்சிக்கு வருகிறேன். தப்பித்துப் போகிற நேரத்தில் கேயால் தாயை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. படுக்க வைத்து, உரிந்துகொண்டிருக்கும் தோலைத் தன் கையாலேயே மெல்ல உரித்து எடுக்கிறாள். உள்ளே இருப்பது கறுத்துச் சுருங்கிய ஏதோ ஒன்று. முகச்சாயல்கூட மிச்சமில்லை. கே அதை அணைத்துக்கொண்டு படுக்கிறாள். நீங்கள் கேட்ட கேள்வியை அவள் கேட்கவில்லை. உங்களுக்கு அழுகை வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பேத்தியும் வந்து பின்னால் படுத்துக்கொண்டு, தன் அம்மாவின் முதுகில் ஒரு கரும்புள்ளியைப் பார்க்கிறாளே, என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.