‘பார்ட்டன் ஃபிங்க்’: எழுத வராத திரைக்கதையாசிரியனைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கத் திரைக்கலைஞர்களான கோயன் சகோதரர்கள் எழுதி எடுத்து, 1991இல் வெளிவந்த ‘பார்ட்டன் ஃபிங்க்’ படம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 1941இல் நியூயார்க் நாடக மேடையில் பெயர் பெற்ற பார்ட்டன், படநிறுவனம் ஒன்றின் அழைப்பை ஏற்று ஹாலிவுட்டுக்கு வந்து, ‘எர்ல்’ என்னும் பழைய விடுதியில் தங்கி, ஒரு மல்யுத்தப் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்கார்ந்து, முதல் சில வரிகளைத் தாண்ட முடியாமல் திணறுவதுதான் கதை. திருப்பங்களைத் தொடாமல் பதில் சொல்ல இயலாது என்பதால், பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் விளக்கக் காணொளி எதையும் பார்க்க வேண்டாம்.

சேலம், கல்லூரி மாணவி: கோயன் சகோதரர்களுக்கே எழுத்து முடங்கிப்போனதால் பிறந்த படம் இது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ‘மில்லர்ஸ் கிராசிங்’ படத்தின் திரைக்கதை சிக்கலாகி வேலை மெதுவானபோது, அதை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றே வாரங்களில் இதை எழுதினார்கள். எழுத்து அடியோடு நின்றுவிடவில்லை, வேகம்தான் குறைந்தது என்பது அவர்களுடைய விளக்கம். பிறகு பழைய திரைக்கதைக்குத் திரும்பி, அந்தப் படத்தை 1990இலும் இதை அடுத்த ஆண்டிலும் வெளியிட்டார்கள்.

மதுரை வாசகர்: கடைசி வரை பார்ட்டன் சுமக்கும் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

படம் அதைத் திறந்து காட்டவில்லை. பக்கத்து அறைக்காரர் சார்லி அதைப் பார்ட்டனிடம் ஒப்படைக்கிறார். பின்னால், அது தன்னுடையதே அல்ல என்கிறார். அவர் தலையை வெட்டியெடுக்கும் தொடர்கொலைகாரர் என்பது தெரிந்தபின் உள்ளே ஒரு தலை இருக்கலாம் என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சம் தீராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பெட்டி மூடியிருக்கிறது. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை.

கோயம்புத்தூர், குறும்பட இயக்குநர்: பார்ட்டனுக்கு ஏன் எழுத வரவில்லை என்பதைப் படம் சொல்லவே இல்லையே? நானும் ஒரு திரைக்கதையில் பல மாதங்களாகச் சிக்கியிருப்பதால் கேட்கிறேன்.

படம் காரணத்தைச் சொல்கிறது, நண்பரே. ஒரு பாத்திரத்தின் வாயால் நேரடியாகவே சொல்கிறது. ஆனால் அது வருவதற்கு வெகுநேரம் முன்பே நாம் அதைக் கண்ணால் பார்த்துவிடுகிறோம்.

சார்லி அறிமுகமாகும் காட்சியை மீண்டும் பாருங்கள். சுவருக்கு அப்பாலிருந்து அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத சத்தம் வருகிறது. பார்ட்டன் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் புகார் சொல்கிறான். அடுத்த அறையில் மணி அடிக்கிறது, சத்தம் நிற்கிறது, நடைபாதையில் காலடி கேட்கிறது, கதவு தட்டப்படுகிறது. இவ்வளவையும் ஒலியாலேயே சொல்லிவிடுகிறார்கள். உள்ளே வருபவர் ஜான் குட்மேன் நடித்த சார்லி, ஊர் ஊராகப் போய்க் காப்பீடு விற்பவர். சாதாரண மனிதனுக்காகவே தான் எழுதுவதாக ஜான் டர்டூரோவின் பார்ட்டன் ஆவேசமாகப் பேசுகிறான். தன்னிடம் சொல்வதற்குக் கதைகள் உண்டு என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சாதாரண மனிதர் ஒருமுறைக்கு மேல் வாயெடுக்கிறார். ஒவ்வொரு முறையும் பார்ட்டன் குறுக்கே புகுந்து, சாதாரண மனிதனைப் பற்றிய தன் பேச்சைத் தொடர்கிறான்.

இதோடு முடியவில்லை. மல்யுத்தம் என்றால் என்னவென்றே தெரியாமல் தவிக்கும் இந்த எழுத்தாளனை, மல்யுத்தம் தெரிந்த சார்லி தரையில் மண்டியிடவைத்து ஒரு பிடி போட்டுக் காட்டுகிறார். எழுத வேண்டிய பொருள் அவன் முதுகின்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டுப் போகிறது. அவனோ வலியோடு எழுந்து மறுபடியும் வெற்றுத் தாளின் முன்னால் போய் உட்காருகிறான். இறுதியில் தீப்பற்றி எரியும் விடுதியில், ஏன் எனக்கு இப்படி நேர்ந்தது என்று பார்ட்டன் கேட்கும்போது, நீ காது கொடுத்துக் கேட்பதில்லை என்று சார்லி கத்துகிறார். பார்ட்டனைச் சுற்றிப் பொருள் குவிந்துகிடந்தது, அவன் செவிதான் அடைத்துக்கிடந்தது என்பது இந்தப் படத்தைப் பற்றிய என் முடிவு.

உங்கள் திரைக்கதையைப் படிக்காமல் அதற்கு மருந்து சொல்ல என்னால் ஆகாது. உங்கள் பாத்திரங்களைப் போன்றவர்களோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள் என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள்.

ஈரோடு வாசகர்: எந்தத் தளத்தில் பார்க்கலாம்?

தளங்கள் அடிக்கடி மாறுவதால் நீங்களே தேடிப்பார்ப்பது நல்லது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். விளக்கக் காணொளியைத் தவிருங்கள்.

யாழ்ப்பாணம், ஆசிரியை: படத்தில் வரும் குடிகார எழுத்தாளர் மேஹ்யூ உண்மையில் அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர்தானா?

தோற்றமும் தென்மாநிலப் பின்னணியும் குடியும் ஃபாக்னரை நினைவூட்டும் விதமாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. 1932இல் எம்ஜிஎம் படநிறுவனத்தில் சேர்ந்த ஃபாக்னருக்கு முதலில் தரப்பட்டது, வாலஸ் பீரி நடிக்கவிருந்த ஒரு மல்யுத்தப் படம். இங்கே பார்ட்டனிடம் கேட்கப்படுவதும் வாலஸ் பீரிக்கான மல்யுத்தப் படமே. ஆனால் மேஹ்யூவின் பெயரில் வந்தவற்றை அவருடைய செயலாளர் ஆட்ரி எழுதிக்கொடுத்தாள் என்னும் பகுதி படத்தின் கற்பனை. அதை ஃபாக்னர்மேல் ஏற்றுவது அநியாயம். பார்ட்டனிடமும் நாடகாசிரியர் கிளிஃபோர்டு ஓடெட்ஸின் சாயல் உண்டு. இரண்டிலும் சாயலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி வாசகர்: பெட்டியில் ஆட்ரியின் தலை இருக்கிறதா?

மதுரை வாசகருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

சென்னை வாசகி: உரிந்து விழும் சுவர்த்தாள், கொசு, இவற்றுக்கெல்லாம் என்ன குறியீட்டுப் பொருள்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை ஒட்டிவைக்கும் வழக்கத்தைத்தான் விளக்கக் காணொளிகள் பரப்பியிருக்கின்றன. அவை முதலில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். வெக்கையில் பசை வழிந்து சுவர்த்தாள் உரிகிறது. எழுத முடியாதவனுக்குப் பார்த்துக்கொண்டிருக்க அதுவே போதும். இது பாலைவனம், இங்கே கொசு கிடையாது என்று தயாரிப்பாளர் அடித்துச் சொல்கிறார். பார்ட்டனின் முகத்திலோ கொசுக்கடித் தழும்பு. பிறகு அந்தக் கொசு ஆட்ரியின் முதுகில் உட்காருகிறது, அவன் அடிக்கிறான், அவள் அசையவில்லை. சிரிப்பிலிருந்து கொலைக்கு ஒரு கொசு வழியாகப் போய்ச் சேரும் அந்தத் துணிச்சலுக்காகவே இதைத் தலைசிறந்த இருள் நகைச்சுவைப் படங்களில் ஒன்றாக மதிக்கிறேன்.

சிங்கப்பூர் வாசகர்: உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. கடைசியில் பார்ட்டன் ஒரே மூச்சில் அருமையான திரைக்கதையை எழுதி முடிக்கிறான். ரசனையற்ற முதலாளி அதைத் தூக்கி எறிகிறார். இது கலைஞனை வணிகம் நசுக்கும் கதை.

முதலாளி லிப்னிக் ரசனையற்றவர் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் திரைக்கதை அருமையானது என்பதற்குப் படத்தில் என்ன சான்று இருக்கிறது? அதிலிருந்து நமக்குக் கிடைப்பது சில வரிகள்தாம். மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்பு, மீன் விற்பவர்களின் கூவல் என்று அது தொடங்குகிறது. படத்தின் ஆரம்பத்தில் மேடையில் முடியும் அவனுடைய நாடகமும் அதே மீன் விற்பவர்களின் உலகம். போனவனைப் பற்றி ஒருநாள் கேள்விப்படுவோம், அது வெறும் தபால் அட்டையாக இருக்காது என்ற பொருள்பட நாடகம் முடிகிறது. திரைக்கதையும் ஏறத்தாழ அதே சொற்களில் முடிகிறது. மாறியிருப்பது, பையன் இருந்த இடத்தில் மல்யுத்தக்காரன் வந்திருப்பது மட்டுமே.

அதே வாசகர்: பெரிய எழுத்தாளர்கள் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எழுதுவது வழக்கம்தானே?

நல்ல வாதம், மதிக்கிறேன். ஆனால் திரும்பி வருபவர் முன்பைவிட ஆழமாகப் போயிருக்க வேண்டும். அந்த அறையில் ஒரு பெண் கொலையுண்டிருக்கிறாள், நம்பிய நண்பன் கொலைகாரனாகியிருக்கிறான். நமக்குக் கேட்கும் வரிகளில் இவற்றின் நிழல்கூட இல்லை. முதலாளியும் மோசமானவர், திரைக்கதையும் பழைய நாடகம்தான் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் துணிவு கோயன்களுக்கு இருந்தது.

தஞ்சாவூர் வாசகர்: பெட்டி…

மதுரை.

புதுச்சேரி வாசகி: சிங்கப்பூர் நண்பருக்கு நீங்கள் சொல்வது சரியென்றால், இந்தப் படம் எழுத்தாளர்களை இழிவுபடுத்துகிறது என்றாகிவிடாதா?

இல்லை, அம்மா. எழுதிவிட்டோம் என்ற எண்ணத்திலேயே திளைப்பவனைத்தான் அது விசாரிக்கிறது. திரைக்கதையை முடித்த களிப்பில் பார்ட்டன் படைவீரர்களுக்கான நடனக்கூடத்துக்குப் போகிறான். மறுநாள் கப்பலேறவிருக்கும் கடற்படை வீரன் ஒருவன், பார்ட்டனோடு ஆடிக்கொண்டிருக்கும் பெண்ணோடு தானும் ஆட இடம் கேட்கிறான். பார்ட்டன் மறுத்துவிட்டு, நான் எழுத்தாளன், நான் படைப்பவன் என்று கூடமே கேட்கக் கத்துகிறான். அவன் வாழ்நாளெல்லாம் யாரைப் பற்றி எழுதுவதாகச் சொன்னானோ, அதே சாதாரண மனிதர்கள் சீருடையில் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். அடுத்து லிப்னிக்கைப் பார்க்கும்போது அவரும் தன் ஆடைப் பிரிவில் தைக்கச் சொன்ன கர்னல் சீருடையில் இருக்கிறார். இனி நீ எழுதுவதெல்லாம் நிறுவனத்தின் சொத்து, எதையும் படமாக்க மாட்டோம் என்கிறார். படம் பார்ட்டனுக்கு ஒதுக்கும் தண்டனை இதுவே. இதை எழுத்தின்மேல் உயர்ந்த மதிப்பு உள்ளவர்களால் மட்டுமே யோசித்திருக்க முடியும் என்று நம்புகிறேன்.