நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சதுரங்கத்துக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறதாமே, யார் கட்டியது?

இருக்கிறது. பூங்காவின் தென்பகுதியில், கிண்டர்பெர்க் என்ற சிறு மேட்டின் மேல். ஜெர்மன் மொழியில் ‘குழந்தைகள் குன்று’ என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மரக்கிளைகளால் முடைந்த பெரிய பந்தல் மண்டபம் ஒன்று இருந்தது. அது போன பிறகு, 1952இல் இப்போதைய செங்கல் கட்டடம் எழுந்தது. செலவை ஏற்றவர் பெர்னார்ட் பரூக்; பங்குச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டி, அமெரிக்க அதிபர்களுக்கு ஆலோசகராக இருந்தவர். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவதற்குப் பேர்போன மனிதர் பூங்காவுக்கே கொடை தந்தது பொருத்தம்தான்!

இன்று அது பார்வையாளர் மையமாகவும் இயங்குகிறது. வெளியே கொடிப்பந்தலின் நிழலில் கட்டம் போட்ட கல்மேசைகள். காய் கொண்டுபோகாதவர்களுக்கு உள்ளே இரவல் தருவார்கள்.

அருகில் உள்ள ‘டெய்ரி’யோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு: கலப்படப் பால் மலிந்திருந்த காலத்தில், குழந்தைகளுக்கு நல்ல பால் தருவதற்காகக் கட்டியது. கால்வெர்ட் வாக்ஸ் வடிவமைத்தார். என் கண்ணுக்கு அதுதான் அழகு. ஆனால் நீங்கள் சதுரங்கம் ஆடப்போகிறீர்கள் என்றால் மேடேறத்தான் வேண்டும்.