ஃபைட்டரின் 'மார்க்' எதிரியைத் தடுக்குமா?

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் 4ஆம் பதிப்பில் (2008), முன்னால் நின்று சண்டையிடும் வீரரான ஃபைட்டர் எதிரியின் மேல் போடும் 'மார்க்' (குறி) உண்மையிலேயே எதிரியைக் கட்டிப்போடுமா என்பது கேள்வி. கட்டிப்போடாது, மீறினால் தண்டம் கட்ட வைக்கும்.

ஃபைட்டர் யாரைத் தாக்கினாலும், அடி விழுந்தாலும் விழாவிட்டாலும், அவரை மார்க் செய்யலாம். அந்த எதிரி ஃபைட்டரை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கினால் அவனது தாக்குதல் பகடையில் −2. 20 முகப் பகடையில் 11 போதும் என்றிருந்தவனுக்கு இனி 13 வேண்டும். வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்குகிறது. இது மட்டும் என்றால் ஒப்புக்குச் சப்பாணிதான். உண்மையான பலம் அடுத்த விதியில் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் மார்க் பெற்ற ஓர்க் (அரக்க இன எதிரி), உங்கள் மந்திரவாதியின் மேல் கோடரியை ஓங்கினாலோ, ஒரு கட்டம் நழுவப் பார்த்தாலோ, அது நடப்பதற்கு முன்பே ஃபைட்டர் குறுக்கே புகுந்து ஒரு வெட்டு வெட்டலாம். அதில் ஓர்க் செத்தால் கோடரி இறங்கவே இறங்காது.

ஆனால் இது சுற்றுக்கு ஒரு முறைதான். மூவர் சூழ்ந்தால் ஒருவனுக்கு மட்டுமே வெட்டு. தொலைவில் நிற்கும் வில்லாளிக்கோ −2 தவிர வேறு கவலையில்லை. குழுவில் பாலடினும் (மார்க் செய்யக்கூடிய இன்னொரு வகை வீரர்) இருந்தால் இருவரும் ஒரே எதிரியை மார்க் செய்யாதீர்கள். புதியது பழையதை அழித்துவிடும்.