அப்பாவுக்குக் குடல் புற்று; 38 வயதில் எனக்கு எந்தப் பரிசோதனை?

கேள்வி: என் அப்பாவுக்கு 47 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு இப்போது 38. எந்தத் தொல்லையும் இல்லை. முழு உடல் பரிசோதனையில் சிஇஏ ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இரண்டும் நார்மல். இது போதுமா, கோலனோஸ்கோபியும் தேவையா? வயிற்றுக்கும் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: போதாது. ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கோலனோஸ்கோபி தேவை. கணக்குப்படி அதை நீங்கள் போன வருடமே செய்திருக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்திருந்தால், 40 வயதில் பரிசோதனை தொடங்க வேண்டும். அவருக்கு நோய் தெரிந்த வயதில் 10 ஆண்டைக் கழித்தால் வரும் வயது அதைவிடக் குறைவு என்றால், அந்த வயதிலேயே தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 47 என்பதால் உங்களுக்கு 37. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்; தங்கைக்குக் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டார் என்று விட்டுவிடாதீர்கள்.

நார்மல் என்று வந்த இரண்டு பரிசோதனைகளும் இந்தக் கேள்விக்கானவையே அல்ல. சிஇஏ ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் உயராது; புகைபிடிப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே உயரும். அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று பார்க்க அப்பாவுக்கு அதை எடுத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் பல குடும்பங்கள் அதைக் கண்டறியும் பரிசோதனை என்று நினைத்துவிடுகின்றன. ஸ்கேனிலோ, குடலில் உள்ள காற்று ஒலியலையை மறைத்துவிடும். 5 மில்லிமீட்டர் பாலிப் அதில் தெரிய வழியே இல்லை.

நாம் தேடுவது அந்தப் பாலிப்பைத்தான். குடலின் உட்சுவரில் சிறு மொட்டாக முளைக்கும் அடினோமா வகைப் பாலிப் புற்றாக மாறப் பொதுவாகச் சுமார் 10 ஆண்டு ஆகும். அதற்குள் கண்ணில் பட்டால், கோலனோஸ்கோபி செய்யும்போதே கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிடலாம். புற்று வருவதே தடுக்கப்படுகிறது. புற்றாகவே மாறிவிட்டாலும் காலம் முக்கியம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, குடலோடு நிற்கும் கட்டத்தில் தெரிந்தவர்களில் 10க்கு 9 பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவியபின் தெரிந்தவர்களில் 100க்குச் சுமார் 15 பேர்தான்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் ஃபிட் பரிசோதனை நல்லதுதான். ஆனால் அது குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கானது. பாலிப் தினமும் ரத்தம் கசிவதில்லை என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு அது மாற்று ஆகாது. யாருக்காவது அது பாசிட்டிவ் என்று வந்தால், அடுத்த வேலை கோலனோஸ்கோபி. வேறு லேபில் மறுபடி எடுத்து, நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகிவிடுவதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு.

கோலனோஸ்கோபி வீணாவது பெரும்பாலும் குடல் சரியாகச் சுத்தமாகாததால்தான். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, முருங்கை, சுண்டல், வேர்க்கடலை, கேழ்வரகு, விதையுள்ள தக்காளி எதுவும் வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர், முட்டை, மீன் சாப்பிடலாம். முந்தின நாள் காலையில் லேசாக இரண்டு இட்லி. அதன்பின் இளநீர், கறுப்புத் தேநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு மட்டும். பீட்ரூட், மாதுளைச் சாறு கூடாது. உள்ளே ரத்தம்போல் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

பேதிப் பொடியை வழக்கமாக 2 லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் முந்தின இரவே குடித்து முடிப்பது பழைய முறை. இரவில் சிறுகுடலிலிருந்து வடியும் பித்தநீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடும். தட்டையான பாலிப் ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே பாதியை மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் தொடங்கிக் குடிக்க வேண்டும். 11 மணிக்குப் பரிசோதனை என்றால் காலை 5 மணிக்கு எழுந்து, 10-15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதை மயக்க மருந்து தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிரவைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். கடைசியில் மலம் தெளிந்த மஞ்சள் நீராகப் போக வேண்டும். பழுப்பாகவே இருந்தால் கிளம்புமுன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுங்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். குழாய் சீக்கம் என்ற தொடக்கப் பகுதிவரை போனதா? குடல்வால் துவாரத்தின் படம் இருந்தால் போனது உறுதி. அடுத்து, சுத்தம் எப்படி இருந்தது என்ற மதிப்பெண். பாஸ்டன் அளவுகோலில் மூன்று பகுதிகளுக்கும் தலா 2 வர வேண்டும், மொத்தம் 9க்கு 6. அதற்குக் குறைந்தால், நார்மல் என்று எழுதியிருந்தாலும் சீக்கிரமே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

வயிற்று எண்டோஸ்கோபி அப்பாவின் நோய்க்காக மட்டும் தேவையில்லை. வயிற்றுப் புற்று அதிகமுள்ள ஜப்பானிலும் கொரியாவிலும்தான் அதைத் தொல்லை இல்லாதவர்களுக்கும் தேசிய அளவில் செய்கிறார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எம்எம்ஆர் சோதனை (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) முடிவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், மெழுகில் பதித்து வைத்த அவருடைய கட்டியின் திசு நோயியல் பிரிவில் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். அதிலேயே இப்போதும் செய்யலாம். அதில் குறைபாடு தெரிந்து, மரபணுச் சோதனையில் லிஞ்ச் நோய் (குடும்பவழியாக வந்து புற்று அபாயத்தைக் கூட்டும் மரபணுக் கோளாறு) உறுதியானால், அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பொதுவாக 20-25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை கோலனோஸ்கோபி தேவைப்படும். வயிறு, கர்ப்பப்பை பற்றியும் அப்போது பேச வேண்டியிருக்கும்.

லிஞ்ச் நோய் இல்லாமல், கோலனோஸ்கோபியில் எதுவும் இல்லை என்று வந்தால் அடுத்தது 5 ஆண்டு கழித்து. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பாலிப் எடுத்திருந்தால் 3 ஆண்டில். இடையில் மலத்தில் ரத்தமோ, காரணம் தெரியாத ரத்தசோகையோ வந்தால், மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் தேதிக்கு முன்பே போய்விடுங்கள்.